இருநூறு லிட்டருக்கு ஒரு டேங்க்

பிப்ரவரி 4

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீயும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? உன் காதுக்குக் கொடுத்த சொட்டு மருந்து வேலை செய்கிறதா, இல்லை அத்தான் இன்னும் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுகிறாரா?

உன்னிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். வண்டியின் பின்தளத்தில் வைக்க ஒரு நல்ல டேங்க் வாங்கலாம் என்றிருக்கிறேன். மலைமேல் சாலை போடும் இடத்துக்கு டீசல் கொண்டுபோய் எந்திரங்களுக்கு ஊற்றுகிற வேலைதான் இன்னும் ஓடுகிறது. மரம் அறுக்கிற ஆட்களுக்குக் கொஞ்சம் பெட்ரோலும் கொடுக்கிறோம். நாலு வருஷமாக டிரம்மையும் கையால் சுற்றுகிற பம்ப்பையும் வைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன். இனி அது வேண்டாம்.

டேங்க் பட்டறையிலேயே இருபது வருஷம் இருப்பவள் நீ. இரும்பா, அலுமினியமா, பிளாஸ்டிக்கா? எத்தனை லிட்டர்? நாலு கடைக்காரனிடம் கேட்டேன், ஒவ்வொருவனும் தன்னிடம் இருப்பதுதான் உலகத்திலேயே சிறந்தது என்கிறான். அப்புறம், இந்த எர்த் வயர் என்கிறார்களே, அது எல்லா டேங்கிலும் இருக்குமா, நாம் கேட்டு வாங்க வேண்டுமா?

அவசரமில்லை. ஆனால் சீக்கிரம் எழுது. மதியச் சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே.

உன் தம்பி


பிப்ரவரி 15

என் செல்லத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. சொட்டு மருந்தால் காது கேட்கவில்லை, ஆனால் சுத்தமாக இருக்கிறது. உன் அத்தான் கையை ஆட்டுவதோடு இப்போது புருவத்தையும் சேர்த்துக்கொண்டார். பேசாமல் போனிலேயே பேசேன் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்தப் பக்கம் யார் பேசினாலும் எனக்குத் தண்ணீர் கொதிக்கிற சத்தம்தான். எனக்குக் கடிதம்தான் சரி.

நாலு வருஷம் கழித்துப் புத்தி வந்ததே, சந்தோஷம். டிரம்மைக் கயிற்றால் கட்டி மலை ஏறுகிறான் என்று நினைத்து நினைத்து எத்தனை ராத்திரி விளக்கைப் போட்டு உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

சரி, கேள். எடுத்தவுடன் லிட்டர் பேசாதே. வண்டியின் பின்தளம் நீளம் எவ்வளவு, அகலம் எவ்வளவு, பக்கச் சுவர் உயரம் எவ்வளவு, வண்டி எத்தனை கிலோ தாங்கும்? சும்மா கண்ணால் பார்த்து எழுதாமல் டேப் வைத்து அளந்து அனுப்பு. நானூறு லிட்டர் வைக்கலாமே என்று ஆசைப்படாதே. டீசலின் எடை மட்டுமே முந்நூற்று நாற்பது கிலோ ஆகிவிடும், இரும்பு தனி. மலைப்பாதையில் வண்டி உன் பேச்சைக் கேட்காது.

பிளாஸ்டிக் உனக்கு வேண்டவே வேண்டாம். இரும்பா அலுமினியமா என்பதை அளவு வந்த பிறகு சொல்கிறேன். எர்த் வயர் கேட்டுத்தான் வாங்க வேண்டும், கேட்டது நல்லது.

வண்டி வாங்கினபோது நான் அனுப்பின நீல விரிப்பு எப்படி இருக்கிறது? பின்தளத்தில் ஒரு கீறல்கூட விழாது என்று சொன்னேனே, விழுந்ததா?

எல்லாம் இருக்கட்டும். கடிதத்தின் அடியில் வாயாடியின் இரண்டு வரி எங்கே? கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் உன் கடிதம் அவள் எழுத்து இல்லாமல் எனக்கு வந்ததே கிடையாது. "அண்ணி, இவர் சொல்றதுல பாதிய நம்பாதீங்க" என்று எழுதாமல் அவளுக்குத் தூக்கம் வராதே. நாத்தனார்மேல் கோபமா? கேட்டு எழுது.

உன் மேல் என்றைக்கும் ஒரு கண் வைத்திருக்கும்
அக்கா


மார்ச் 1

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

பின்தளம் சுமார் ஐந்தடி நீளம். அகலம் சுமார் நாலரை அடி, ஆனால் சக்கரம் வருகிற இடத்தில் குறுகும். பக்கச் சுவர் ஒன்றரை அடி இருக்கலாம். எண்ணூறு கிலோ தாங்கும் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது.

விரிப்பு பத்திரமாக இருக்கிறது. சுருட்டி உள்ளே வைத்திருக்கிறேன். பின்தளத்தில் ஒரு கீறலும் இல்லை.

உன்மேல் அவளுக்கு என்ன கோபம்? நாலைந்து நாள் இருந்துவிட்டு வரலாமென்று அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். அதனால்தான் எழுதவில்லை.

எனக்கு இன்னும் இரண்டு சந்தேகம். டேங்க் நேராக வண்டியின் இரும்பிலேயே உட்கார வேண்டுமா, அடியில் ஏதாவது இருந்தால் பாதகமா? சின்ன கேனுக்கு ஊற்றும்போது அதை வண்டியிலேயே வைத்து ஊற்றலாமா, கட்டாயம் தரையில் இறக்கித்தான் ஆக வேண்டுமா? எர்த் வயர் ஒன்று இருந்தால் அதெல்லாம் வராதா? அதாவது, பொறி கிறி. சும்மா தெரிந்துகொள்ளலாம் என்றுதான் கேட்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தம்பி


மார்ச் 12

தம்பிக்கு,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாயா என்பதில் எனக்குக் கொஞ்சம் சந்தேகம். அதை அப்புறம் பேசுகிறேன், முதலில் டேங்க்.

உனக்கு இருநூறு லிட்டர் போதும். இரண்டு நடை போனாலும் பரவாயில்லை. இரும்பு கனம், அடிபட்டால் தாங்கும். அலுமினியம் லேசு, விலை கூட. கல்லும் மண்ணும் விழுகிற இடத்துக்கு நான் இரும்புதான் சொல்வேன். உள்ளே இரண்டு தடுப்புத் தகடு கட்டாயம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பாதி நிரம்பிய டேங்க் வளைவுக்கு வளைவு வண்டியைத் தள்ளிவிடும். காற்று போக ஒரு துளை, பூட்டுப் போடுகிற மூடி, வண்டி பேட்டரியில் ஓடுகிற பம்ப், நிரம்பியதும் தானாக நிற்கிற குழாய் முனை. இவ்வளவும் டீசலுக்கு மட்டும். அந்தப் பம்ப்பில் பெட்ரோல் ஒரு சொட்டு போகக்கூடாது. பெட்ரோலுக்குத் தனிக் கேன்.

டேங்கை வண்டியின் இரும்போடு போல்ட் போட்டு முடுக்க வேண்டும். நடுவே ரப்பர், பிளாஸ்டிக் எதுவும் ஆகாது. கேனைத் தரையில் இறக்கித்தான் நிரப்ப வேண்டும், அதில் பேச்சுக்கே இடமில்லை. எண்ணெய் குழாயில் ஓடும்போது மின்சாரம் சேரும். கேன் மண்ணைத் தொட்டுக்கொண்டு, எர்த் வயரால் டேங்கோடும் சேர்ந்திருந்தால் அது இறங்கிப் போய்விடும். பிளாஸ்டிக்கின் மேல் உட்கார்ந்திருந்தால் இறங்க வழியில்லாமல் அங்கேயே சேர்ந்து, கடைசியில் பொறியாகத் தெறிக்கும்.

இப்போது நான் கேட்கிறேன். இருபது வருஷத்தில் எத்தனையோ பேர் டேங்க் வாங்க வந்து பார்த்திருக்கிறேன். லிட்டர் கேட்பார்கள், விலை கேட்பார்கள், சிவப்பில் கிடைக்குமா என்று கேட்பார்கள். எர்த் வயரை எவனும் கேட்டதில்லை. நீ இரண்டு கடிதத்திலும் அதையே கேட்கிறாய். ஏன்?

இன்னொன்று. "சுமார்" ஐந்தடி, "இருக்கலாம்" ஒன்றரை அடி. உன் வீட்டில் டேப் பிடிப்பது வாயாடி. ஜன்னல் திரைக்கு அளவெடுக்கச் சொன்னால் நூல் பிசகாமல் எழுதுகிறவள் அவள். நாலைந்து நாளைக்குப் போனவள் இன்னுமா வரவில்லை?

மறைக்காமல் எழுதுடா.

அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருக்க வேண்டும்.

அவள் அம்மா வீட்டுக்குப் போகவில்லை. அத்தைதான் இங்கே வந்திருக்கிறார். சமையலறையில் அடுப்பு பற்றி அவள் கையில் கொஞ்சம் நெருப்புப் பட்டுவிட்டது. வலது கை. நீ பயந்துபோவாய் என்று எழுதவில்லை. மருத்துவமனையில் நன்றாகத்தான் பார்க்கிறார்கள். கட்டு மாற்றுவதற்கு வாரம் இரண்டு முறை நான்தான் கூட்டிப்போகிறேன். பயப்பட ஒன்றுமில்லை.

டேங்க் இரும்பே இருக்கட்டும். இருநூறு லிட்டர், இரண்டு தடுப்பு. உங்கள் பட்டறையிலேயே செய்யச் சொல்லிவிடு. டேப் பிடித்து மறுபடி அளந்தேன்: நீளம் ஐம்பத்தொன்பது அங்குலம், அகலம் ஐம்பத்துமூன்று, சக்கர மேட்டுக்கு நடுவே நாற்பத்தொன்று, உயரம் பதினெட்டு. டேப்பின் ஒரு முனையைச் செங்கல் வைத்து அழுத்தினேன்.

எர்த் வயர் பற்றிச் சும்மாதான் கேட்டேன்.

உன் தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். "கொஞ்சம்" என்றால் எவ்வளவு? விரலா, உள்ளங்கையா, முழங்கை வரைக்குமா? இரண்டு மாதத்துக்கு மேல் பேனா பிடிக்க முடியாத காயத்துக்குப் பெயர் கொஞ்சமா? நீ ஒன்றுமில்லை என்று எழுதினால்தான் எனக்குப் பயமே வருகிறது.

இத்துடன் மெல்லிய பருத்தித் துணி வைத்திருக்கிறேன். துவைத்துக் காயவைத்தது. தனித்தாள் ஒன்று அவளுக்கு. நீயே படித்துக் காட்டு.

அளவு சரி. பட்டறையில் வேலையை ஆரம்பிக்கச் சொல்லிவிட்டேன்.

அக்கா

(தனித்தாள்)

ஏ வாயாடி, பேச்சு சுவாரசியத்தில் அடுப்பை மறந்துவிட்டாயா? எத்தனை வருஷமாகச் சமைக்கிறாய், நெருப்புக்கிட்டே எப்படி நிற்க வேண்டுமென்று இனிமேல்தான் நான் வந்து சொல்லிக்கொடுக்க வேண்டுமா? கவனம் இருந்திருந்தால் இது வந்திருக்குமா? கை ஆறட்டும், வந்து காதைத் திருகுகிறேன். என் கண்ணே, வலிக்கிறதா? ஒரு வேலையும் செய்யாதே. அவன் செய்யட்டும்.


ஏப்ரல் 20

அக்காவுக்கு,

நீ நலமா என்று கேட்கிற யோக்கியதைகூட எனக்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் கேட்கிறேன்.

நீ அனுப்பின தனித்தாளை அவளுக்குப் படித்துக் காட்டினேன். மதிய நேரம். ஜன்னல் பக்கம் கையைத் தலையணைமேல் வைத்து உட்கார்ந்திருந்தாள். அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். "கவனம் இருந்திருந்தால் இது வந்திருக்குமா" என்ற வரி வந்ததும் அத்தை, "பார்த்தியாடி, உன் நாத்தனாரும் அதையேதான் சொல்றா" என்றார். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். "வரிசையில நில்லுங்க, ஒவ்வொருத்தரா வந்து திட்டுங்க" என்றாள். மிச்சத்தை என்னால் படிக்க முடியவில்லை. வண்டியைத் துடைக்க வேண்டுமென்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டேன்.

அக்கா, அடுப்பு பற்றவில்லை. சமையலறையில் ஒன்றுமே நடக்கவில்லை.

ஜனவரி பத்தொன்பதாம் தேதி. மலையில் காற்று காய்ந்து வீசிக்கொண்டிருந்தது. வழக்கம்போல அவளும் வண்டியில் கூட வந்திருந்தாள். மரம் அறுக்கிறவர்களுக்கு ஒரு கேன் பெட்ரோல் கொடுக்க வேண்டும். பெட்ரோல் டிரம் வண்டியிலே, கேனும் வண்டியிலே, இரண்டுக்கும் அடியில் உன் நீல பிளாஸ்டிக் விரிப்பு. அவள், "ஏங்க, கேனைக் கீழ இறக்கிடலாமே" என்றாள். நான், "ஒரு கேன்தானே, இறக்கி ஏத்தறதுக்குள்ள மணியாயிடும், பிடி" என்றேன். நான் பம்ப்பைச் சுற்றினேன். அவள் குழாயைக் கேனின் வாயில் பிடித்திருந்தாள். ஒரு சின்னச் சொடுக்குச் சத்தம், அவ்வளவுதான். கேன் வாயிலிருந்து கிளம்பிய நெருப்பு அவள் சட்டைக் கையில் ஏறிவிட்டது. ஈரச் சாக்கைப் போட்டு அவளையும் கேனையும் அணைத்தேன். விரல்களிலிருந்து முழங்கை வரைக்கும் போய்விட்டது. என் கையில் ஒரு முடிகூடக் கருகவில்லை.

மருத்துவமனையில் நர்ஸ் எழுதிக்கொண்டே, "எப்படி ஆச்சு?" என்று கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் "அடுப்பு" என்றேன். ஏன் சொன்னேன்? டிரம்மிலிருந்து ஊற்றித் தீப்பிடித்தது என்று தெரிந்தால் சாலை வேலை இடத்தில் என்னை உள்ளே விடமாட்டார்கள். அது ஒன்றுதான் அப்போது மண்டையில் ஓடியது. அவள் கை எரிந்துகொண்டிருக்கும்போது நான் என் வேலையை நினைத்தேன். அவள் என்னைப் பார்த்தாள். ஊரையே பேசித் தீர்க்கிறவள் அன்றைக்கு வாயைத் திறக்கவில்லை. அதற்கப்புறம் அத்தை திட்டினார், பக்கத்து வீட்டுக்காரி வந்து அடுப்பு எப்படிப் பற்றவைப்பதென்று பாடம் நடத்தினாள், இப்போது நீயும். எல்லாவற்றையும் அவள் வாங்கிக்கொள்கிறாள். நான் பக்கத்திலேயே நின்றுகொண்டு பார்க்கிறேன்.

விரிப்பைச் சுருட்டிப் பரண்மேல் போட்டிருக்கிறேன். ஒரு மூலை உருகிவிட்டது. நீ வெள்ளைப் பெயிண்டில் "தம்பி வண்டி" என்று எழுதியிருந்தாயே, அதில் "வண்டி" மட்டும் மிச்சம். நீ ஆசையாகக் கொடுத்தது, தெரிந்தால் உனக்கு வலிக்கும், அதனால்தான் சொல்லவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். உன் முகத்தில் முழிக்க எனக்கு வெட்கம்.

கூசுகிறது அக்கா. சாப்பிட உட்கார்ந்தால் கூசுகிறது. அவளுக்கு ஊட்டிவிடும்போது "நல்ல புருஷன்" என்று அத்தை சொல்கிறார். தட்டைத் தூக்கி எறிந்துவிட்டு ஓடலாம் போலிருக்கிறது.

என்ன வேண்டுமானாலும் திட்டு.

தம்பி


மே 15

அக்காவுக்கு,

ஏப்ரலில் எழுதியதற்கு இன்னும் பதில் இல்லை. தபால் தவறிவிட்டதா? உனக்கு உடம்பு முடியவில்லையா? அத்தானிடம் சொல்லி ஒரு வரியாவது எழுதச் சொல்.

கட்டு அவிழ்த்துவிட்டார்கள். சுண்டுவிரலும் மோதிர விரலும் மடங்கவில்லை. தினமும் பந்தைப் பிடித்து அழுத்தச் சொல்லியிருக்கிறார்கள். அழுத்தும்போது பல்லைக் கடித்துக்கொண்டு என் வம்சத்தையே திட்டுகிறாள். அதில் நீயும் உண்டு.

டேங்க் பற்றிக் கேட்கவில்லை. நீ ஒரு வரி எழுதினால் போதும்.

தம்பி


ஜூன் 3

தம்பிக்கு,

தபால் தவறவில்லை. எனக்கும் காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லை. எழுதி எழுதிக் கிழித்தேன். ஐந்து கடிதம் எழுதினேன். ஐந்திலும் உன்னைத்தான் திட்டினேன், ஐந்தையும் போட முடியவில்லை. இது ஆறாவது.

அந்த விரிப்பு கடையிலிருந்து வந்தபோது அதன் மூலையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. கேன் படம் போட்டுக் குறுக்கே கோடு. கீழே, "இதன்மேல் வைத்து எண்ணெய் நிரப்பாதீர்கள், தரையில் இறக்கி வையுங்கள்" என்று எழுதியிருந்தது. தம்பிக்குக் கொடுக்கிற பரிசில் இதென்ன அசிங்கமாக என்று நினைத்துக் கத்தி முனையால் சுரண்டினேன். பசை போகவில்லை, மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்தேன். அந்த இடத்தில்தான் "தம்பி வண்டி" என்று எழுதினேன். பெயிண்ட் காய்கிறவரை பக்கத்திலேயே உட்கார்ந்து விசிறினேன். அவ்வளவு அழகு பார்த்தேன்.

பட்டறையில் இருபது வருஷமாக என் வேலை என்ன தெரியுமா? ஒவ்வொரு டேங்கையும் காற்றடைத்து, வெல்டிங் இணைப்புகளில் சோப்பு நீர் தடவி, குமிழ் வருகிறதா என்று பார்ப்பது. வராவிட்டால் கடைசியில் எச்சரிக்கை ஸ்டிக்கர் ஒட்டி அனுப்புவது. ஒரு தடவை ஒரு ஆள் ஸ்டிக்கரைத் தலைகீழாக ஒட்டிவிட்டான் என்று அவனை நாள் முழுக்க நிற்கவைத்துத் திட்டினேன். அந்த நான்தான் சொந்தத் தம்பிக்கு அனுப்புகிறதைச் சுரண்டி அனுப்பினேன். அப்புறம் "கவனம் இருந்திருந்தால் இது வந்திருக்குமா" என்று அந்தப் பெண்ணுக்கு எழுதியும் அனுப்பினேன். நீ அதை உரக்கப் படித்தாய். நினைத்தால் உடம்பெல்லாம் கூசுகிறது.

உன் அத்தானிடம் சொன்னேன். அவர் கையையும் ஆட்டவில்லை, புருவத்தையும் தூக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

இப்போது டேங்க். வேலை முடிந்துவிட்டது. இருநூறு லிட்டர், இரண்டு தடுப்பு, பூட்டு, பம்ப், ஐந்து மீட்டர் எர்த் வயர், முனையில் கடிக்கிற கிளிப். மூன்று தடவை சோப்பு நீர் தடவிப் பார்த்தேன். ஒரு குமிழ் இல்லை. குழாய் முனை தொங்குகிற கொக்கியை மட்டும் இன்னும் வைக்கவில்லை.

ஆனால் அனுப்பமாட்டேன்.

என்னிடம் சொன்னாய், சரி. நான் ஆயிரம் மைல் தள்ளி இருக்கிற செவிட்டு அக்கா. என்னிடம் சொல்வது சுலபம். உன் மாமியாரிடம் சொல். சாலை வேலை இடத்தில் சொல். அங்கே எத்தனை வண்டியில் எத்தனை பேர் இதே மாதிரி விரிப்பின் மேல் கேன் வைத்து ஊற்றிக்கொண்டிருக்கிறார்களோ. சொன்ன பிறகு எழுது. வேலை போனால் போகட்டும், அதற்கு நானும் பொறுப்பு.

ஸ்டிக்கர் விஷயத்தை அவளுக்குப் படித்துக் காட்டு. ஒரு வரி விடாமல்.

அக்கா


ஜூன் 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பதினாலாம் தேதி காலை அத்தையிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றுகொண்டு ஆரம்பித்தேன், பாதியில் உட்கார்ந்துவிட்டேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இவ கீழ இறக்கச் சொன்னாளா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். சொன்னாள் என்றேன். எழுந்து போய் மகளின் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "உன்ன போய்த் திட்டினேனே" என்று அழுதார். என்னிடம் அதற்கப்புறம் பேசவில்லை. இன்றைக்குவரை பேசவில்லை. சாப்பாடு மட்டும் வைக்கிறார்.

அவள் அழவில்லை. என்னைப் பார்த்து, "நூத்தி நாப்பத்தாறு" என்றாள். என்ன என்று கேட்டேன். "நாளு. நீங்களே சொல்லுவீங்கன்னு மொதல்ல ஒரு வாரம் பார்த்தேன். அப்புறம் எத்தன நாள்தான் ஆகுதுன்னு எண்ண ஆரம்பிச்சேன்" என்றாள்.

மறுநாள் மலைக்குப் போனேன். சூப்பர்வைசரிடம் தனியாகச் சொல்லிவிடலாமென்று பார்த்தேன். அவர் விடவில்லை. "என்கிட்ட எதுக்குச் சொல்ற, அவங்ககிட்ட சொல்லு" என்று டிரைவர்கள் எல்லாரையும் கூப்பிட்டு நிறுத்திவிட்டார். என்னைத் தவிர ஐந்து பேர். சொன்னேன். அவள் இறக்கச் சொன்னதையும் சொன்னேன், மருத்துவமனையில் அடுப்பு என்று சொன்னதையும் சொன்னேன். பிறகு எல்லாருமாகப் போய் வண்டிகளைப் பார்த்தோம். ஐந்தில் நாலு வண்டியில் அதே மாதிரி விரிப்பு, அதன்மேல் கேன்கள். ஒருவன் வண்டியில் விரிப்பின் மூலையில் ஸ்டிக்கர்கூட இருந்தது. மேலே அரை அங்குலத்துக்கு மண். எங்களில் உயரமானவன் ஒருவன், ஒட்டகம் என்போம், தன் விரிப்பை உருவி எடுத்துக்கொண்டே கேட்டான்: "ஏன்யா, அஞ்சு மாசமா தினமும் என் பக்கத்துலதானே வண்டிய நிறுத்தின? ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?" கோபமாகக் கேட்கவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை. அந்த விரிப்பின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்தேன் அக்கா.

போல்ட் போட்ட டேங்கும் எர்த் வயரும் வைத்து, அவர்கள் ஆள் வந்து பார்த்துச் சரி என்று சொல்கிறவரை நான் வாசலைத் தாண்டக் கூடாது என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். பெட்ரோல் இனிமேல் எனக்குக் கிடையாது. டீசல் ஊற்றுகிற வேலையையாவது திருப்பித் தருவாரா என்பது அவர் இஷ்டம். மருத்துவமனையிலும் போய் நடந்ததைச் சொல்லி எழுதிக்கொள்ளச் சொன்னேன். அதே நர்ஸ். "தெரியும்" என்றார். "பெட்ரோல் வாடை தெரியாதா எங்களுக்கு? அந்தப் பொண்ணு சொல்லட்டும்னு இருந்தேன்" என்றார். ஆக, நான் யாரிடம் எதை மறைத்தேன்?

உன் ஸ்டிக்கர் விஷயத்தை அவளுக்கு ஒரு வரி விடாமல் படித்தேன். ஸ்டிக்கர் இருந்திருந்தாலும் நான் படித்திருக்கமாட்டேன். பக்கத்தில் நின்று வாயால் சொன்னவள் பேச்சையே கேட்காதவன், ஸ்டிக்கரையா கேட்கப்போகிறேன்? அதனால் உன்மேல் பழியைப் போட்டுக்கொள்ளாதே. ஆனால் அவள் அப்படி நினைக்கவில்லை. அதை அவளே எழுதுகிறேன் என்று காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டாள். இடது கையால் காலையில் ஆரம்பித்தது, இப்போது மணி நாலு. நான் காகிதத்தின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், நகராமல் இருக்க.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி

அண்ணிக்கு,
எழுத்து கோணலா இருக்கும், சிரிக்காதீங்க. கை இருக்கு, வலி இருக்கு, வாய் நல்லாவே இருக்கு. உங்க தம்பிமேல கோபம் தீரல. எப்போ தீரும்னு தெரியல, தீர்ந்தா எழுதறேன். வண்டியில நானும் போவேன், அதுல மாத்தமில்ல. குழாய் மாட்டற கொக்கிய இடது பக்கம் வைக்கச் சொல்லுங்க, வலது கையால இனி பிடிக்க வராது. டேங்க அனுப்புங்க. இந்தத் தடவை ஸ்டிக்கரச் சுரண்டாதீங்க.